டோர்ட்மண்டில் நான் காந்தேலாவாக இருந்த கதை

டோர்ட்மண்ட்,
நவம்பர் 1964, செவ்வாய்க்கிழமை

மரியாதைக்குரிய வாசுதேவன் மாமா அவர்களுக்கு, கனகவல்லி அநேக நமஸ்காரம் செய்து எழுதிக்கொள்வது.

இவ்விடம் நான் உயிருடன், கை கால்கள் எல்லாம் இருந்த இடத்திலேயே இருக்க, கும்பகோணத்தில் இருந்ததைவிடச் சற்றுப் பருமனாக இருக்கிறேன். அவ்விடம் தாங்களும் வத்சலா மாமியும் அம்மாவும், என்னைப் பற்றிய கவலை ஒன்று நீங்கலாக, மற்றபடி சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். "உடனே திரும்பி வா" என்ற தங்கள் தந்தி நேற்று வந்து சேர்ந்தது. தங்கள்மேல் தப்பே இல்லை. முதலில் "கனகவல்லி வந்து சேரவில்லை" என்று சந்திரமௌலி கொடுத்த ஒரு தந்தி. அதற்கப்புறம் "கனகவல்லி பிஸ்கட் தொழிற்சாலையில் வேறு பெயரில் அகப்பட்டாள், எனக்குத் தலையில் காயம்" என்று அவரே கொடுத்த இன்னொரு தந்தி. இரண்டையும் படித்தால் எந்த மாமாதான் பதறாமல் இருப்பார்? தந்தியில் சுருக்கமாக எழுத வேண்டும் என்று சந்திரமௌலி விஷயத்தையே சுருக்கிவிட்டார். ஆகவே நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். முழுவதையும் படித்து முடித்த பிறகு தந்தியைத் திரும்பப் பெறுவதா இல்லையா என்று தாங்கள் முடிவு செய்யலாம்.

ஜெனோவாவில் கப்பலை விட்டு இறங்கி ரயில் ஏறுகிறவரையில் எல்லாம் தாங்கள் சொன்னபடியேதான் நடந்தது. கொலோன் நகரத்தில் இறங்க வேண்டும், அங்கே தங்கள் சிநேகிதர் குருமூர்த்தி மாமாவின் பிள்ளை சந்திரமௌலி வந்து காத்திருப்பார், அவர் என்னை டோர்ட்மண்டுக்கு அழைத்துப் போய்ப் பேராசிரியர் ஹோல்ட்காம்ப் முன்னால் நிறுத்துவார், நான் அரிசி மாவுச்சத்தைப் பற்றி ஆராய்ச்சி செய்து டாக்டர் பட்டத்தோடு ஊர் திரும்புவேன் என்பது நம் ஏற்பாடு. கொலோனில் ஆற்றுக்கு இந்தப் பக்கம் ஒரு ஸ்டேஷன், அந்தப் பக்கம் ஒரு ஸ்டேஷன் என்று நம் இருவருக்குமே தெரியாமல் போயிற்று. சந்திரமௌலி ஒன்றில் நின்றார், நான் மற்றதில் இறங்கினேன். நான் இறங்கிய அதே வேளையில் எதிர்ப்பக்கம் இன்னொரு ரயில் வந்து நின்று, அதிலிருந்து பெண்கள் பெண்களாக இறங்கினார்கள். எல்லோருக்கும் கறுப்புத் தலைமயிர், எல்லோரும் தலையில் துணி கட்டியிருந்தார்கள், எல்லோர் கையிலும் கயிறு கட்டிய பெட்டி. என் கோலமும் அதுதான்: குளிருக்குப் பயந்து தலையைச் சுற்றித் துணி, புடவைக்குமேல் கணுக்கால்வரை தொங்கும் தம்பி சேதுவின் ஓவர்கோட்டு, கயிறு கட்டிய பெட்டி. ஒலிபெருக்கியில் பாட்டு போட்டார்கள். ஒரு ஜெர்மானியர் பெஞ்சின்மேல் ஏறி நின்று ஒவ்வொரு பெயராகக் கூவினார். "கண்டேலா வல்லே!" என்று அவர் கூவியது என் காதில் "கனகவல்லி" என்றுதான் விழுந்தது. அந்நிய தேசத்தில் என் பெயரை இவ்வளவு தூரம் சரியாகச் சொல்கிறாரே என்று எனக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. சந்திரமௌலிதான் இவரை அனுப்பியிருக்கிறார் என்று எண்ணிக் கையைத் தூக்கினேன். ரொட்டியும் வாழைப்பழமும் உள்ள ஒரு பொட்டலத்தை என் கையில் கொடுத்து, பஸ்ஸில் ஏறு என்றார். அந்தப் பெண்களின் காகிதங்கள் எல்லாம் ஏற்கெனவே ஒரு கட்டாக அவரிடம் இருந்தபடியால் என் பாஸ்போர்ட்டை யாரும் கேட்கவும் இல்லை.

பஸ்ஸில் என் பக்கத்தில் உட்கார்ந்தவள்தான் என்கார்னா, ஸ்பெயின் தேசத்துக்காரி. மாமா, இந்த அம்மாளைப் பற்றித்தான் நான் எழுத விரும்புகிறேன். மற்றதெல்லாம் அதற்கு முன்னுரை. வயது முப்பத்தைந்து இருக்கலாம். குள்ளம். ஆனால் அவள் நடந்து வந்தால் உயரமானவர்கள் விலகி வழி விடுகிறார்கள். ஏற்கெனவே ஒரு வருஷம் இங்கே வேலை செய்துவிட்டு, ஊருக்குப் போய்க் குழந்தைகளைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்துகொண்டிருந்தாள். இரண்டு குழந்தைகளும் ஸ்பெயினில் அவள் தங்கையிடம் வளர்கிறார்கள். இவள் சம்பாத்தியத்தில்தான் அந்த வீட்டில் அடுப்பு எரிகிறது. இதெல்லாம் எனக்குப் பின்னால் தெரிந்தது. பஸ்ஸில் அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள், தன் சால்வையை எடுத்து என் மடியில் போட்டாள். பிறகு ஜன்னலுக்கு வெளியே காட்டி "மீரா, மீரா!" என்றாள். என் பெயர் கனகவல்லி என்று ஜெர்மனில் சொன்னேன். தலையாட்டிவிட்டு மறுபடியும் "மீரா!" என்றாள். சரி, பிரியமாக ஒரு பெயர் வைத்திருக்கிறாள் என்று விட்டுவிட்டேன். வழியெல்லாம் புகைபோக்கியைக் காட்டி மீரா, மாதாகோயிலைக் காட்டி மீரா, பசுமாட்டைக் காட்டியும் மீரா. "இதோ பார்" என்பதற்கு அவர்கள் பாஷையில் அதுதான் சொல் என்று தெரிய எனக்கு மூன்று நாள் ஆயிற்று. அதற்குள் விடுதியில் யார் யாரை மீரா என்று கூப்பிட்டாலும் நான் எழுந்து நின்றுகொண்டிருந்தேன்.

டோர்ட்மண்டில் கன்னியாஸ்திரீகள் நடத்தும் ஒரு விடுதியில் இறக்கினார்கள். தலைமைக் கன்னியாஸ்திரீ அடெல்குண்ட் அம்மாள் வாசலிலேயே சூப்போடு நின்றார். "போதுமா?" என்று கேட்டார். மாமா, தாங்கள் நெய்வேலியில் ஜெர்மன் என்ஜினியர்களோடு பழகிக் கற்று எனக்குச் சொல்லிக்கொடுத்தது ஒரு குறையும் இல்லாத ஜெர்மன். ஆனால் அதில் இருக்கிற வாக்கியமெல்லாம் யந்திரத்தைப் பற்றியே இருக்கிறது. "எண்ணெய் போதும், இனி தடையில்லாமல் ஓடும்" என்று பதில் சொன்னேன். அவர் இன்னொரு கரண்டி ஊற்றினார்.

என்னைப் போலவே வெளிநாட்டு மாணவிகளை எல்லாம் ஒரே விடுதியில் வைத்திருக்கிறார்கள் என்றுதான் நான் நினைத்தேன். மறுநாள் காலை எங்களை வரிசையாக நிறுத்தி, "ஹெர் டாக்டர் பார்க்கிறார்" என்றார்கள். பேராசிரியர் ஹோல்ட்காம்ப்தான் என்று நினைத்துப் புடவையைச் சரிசெய்துகொண்டு உள்ளே போனேன். வெள்ளைக் கோட்டுப் போட்ட பெரியவர். "வணக்கம், ஹெர் புரொபஸர்" என்றேன். முகமெல்லாம் மலர்ந்தது, அவரை அப்படி யாரும் கூப்பிட்டதில்லை போலிருக்கிறது. என் வாய்க்குள் தெர்மாமீட்டரை வைத்தார். அதை ஓரமாக ஒதுக்கிக்கொண்டு, எம்.எஸ்ஸி.யில் நான் செய்த ஆராய்ச்சியை, அரிசியை வேகவைக்கும்போது மாவுச்சத்து எப்படி உப்பி உடைகிறது என்பதை, விரிவாகச் சொன்னேன். அவர் பல்லைப் பார்த்தார், முதுகைத் தட்டினார், மூச்சை இழுத்து விடச் சொன்னார். ஜெர்மனியில் ஒரு மாணவியைச் சேர்த்துக்கொள்ள எவ்வளவு தீவிரமாகப் பரிசோதிக்கிறார்கள் என்று எனக்கு ஒரே பிரமிப்பு. அவரோ, இந்தப் பெண் ஓயாமல் சோற்றைப் பற்றியே பேசுகிறாள், பாவம் பசி, இவளுக்கு மட்டும் இரட்டைப் பங்கு கொடுங்கள் என்று சீட்டு எழுதி அனுப்பிவிட்டார். இந்தக் கடிதத்தின் ஆரம்பத்தில் சொன்ன பருமனுக்குக் காரணம் அதுதான்.

பேராசிரியரைப் பார்த்தாகிவிட்டது என்ற நிம்மதியில், அடுத்த நாள் நீலக் கோட்டும் குல்லாயும் கொடுத்து பிஸ்கட் தொழிற்சாலைக்கு அழைத்துப் போனபோது எனக்குத் துளிக்கூடச் சந்தேகம் வரவில்லை. "ஜெர்மனியில் முதலில் கையால் வேலை, அப்புறம்தான் புத்தகம். பெரிய என்ஜினியர்கூட ஆறு மாசம் இரும்பு அடித்துவிட்டுத்தான் வகுப்புக்குப் போவான்" என்று தாங்கள் எத்தனை தடவை சொல்லியிருக்கிறீர்கள்! என்கார்னாவிடம், "நீ என்ன படிக்கிறாய்?" என்று கேட்டேன். அவள் கையிலிருந்த பிஸ்கட்டைக் காட்டினாள். மாவுப் பொருள்! நம் துறையேதான் என்று சந்தோஷப்பட்டேன்.

மாமா, அந்தத் தொழிற்சாலையை நான் குறை சொல்லவே மாட்டேன். யந்திரத்தில் ஒரு நீளமான பட்டை ஓடிக்கொண்டே இருக்கும். பிஸ்கட்டுகள் அணிவகுத்து வரும். நல்லதை டப்பாவில் அடுக்கி, உடைந்ததைக் கூடையில் போட வேண்டும். மற்றவர்கள் போட்டார்கள். நான் ஒவ்வொரு உடைந்த பிஸ்கட்டையும் எடுத்து, ஏன் உடைந்தது, ஓரத்தில் உடைந்ததா நடுவில் உடைந்ததா, ஈரம் எங்கே தங்கியது என்று வெளிச்சத்தில் பார்த்துக்கொண்டிருந்தேன். அதற்குள் பட்டை ஓடிவிடும், மேஸ்திரி அம்மாள் தூரத்திலிருந்து "வல்லே!" என்று கத்துவாள். அவள் வந்து சேர்வதற்குள் என்கார்னா தன் வேலையையும் செய்து, எட்டி என் வேலையையும் செய்து, ஒன்றும் நடக்காததுபோல் பாடிக்கொண்டிருப்பாள். என்ன குரல் என்கிறீர்கள்! அவள் ஆரம்பித்தால் அந்த வரிசை முழுக்கச் சேர்ந்துகொள்ளும். யந்திரச் சத்தமே அவர்களுக்குத் தாளம் போடுவதுபோல் இருக்கும். ஒரு வார்த்தை புரியாமலேயே நானும் கூடச் சேர்ந்து முணுமுணுப்பேன். இடைவேளையில் மூக்கைத் தொட்டு ஒரு சொல், காதைத் தொட்டு ஒரு சொல் என்று எனக்கு ஸ்பானிஷ் கற்றுக்கொடுத்தாள். தப்பாகச் சொன்னால் தலையில் குட்டுவாள். பத்தே நாளில் எனக்கு ஜெர்மனைவிட ஸ்பானிஷ் சரளமாக வந்ததற்கு அந்தக் குட்டுகள்தான் காரணம்.

சாப்பாட்டு விஷயம் அம்மா கேட்பாள். தினமும் பன்றி மாமிசம்தான். முதல் நாள் தட்டைப் பார்த்து நான் எழுந்துபோனதை என்கார்னா பார்த்தாள். உடனே சமையலறைக்குப் போய் என்னமோ பேசினாள். அன்றிலிருந்து எனக்கு உருளைக்கிழங்கும் கொண்டைக்கடலையும் கீரையும் தனியாக வந்தன. அவள் என்ன சொன்னாள் தெரியுமா? இந்தப் பெண்ணின் சகோதரன் பட்டாளத்துக்குப் போய்க் காணாமல் போய்விட்டான், அவன் வீடு திரும்பும்வரை மாமிசம் தொடுவதில்லை என்று மாதாவிடம் நேர்ந்துகொண்டிருக்கிறாள் என்று சொல்லியிருக்கிறாள்! விடுதி முழுக்க நம் சேதுவுக்காகத் தினம் ஜபம் செய்திருக்கிறார்கள். அப்போது எனக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்? ஒரு நாள் அடெல்குண்ட் அம்மாள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "உன் சகோதரன் வீடு திரும்பினானா?" என்று கேட்டார். என்னைக் கப்பலேற்றிவிட வந்த சேது ஊர் திரும்பியதாகச் சந்திரமௌலி விலாசத்துக்குக் கடிதம் வந்திருக்கும், இவருக்கு அங்கிருந்து தகவல் வந்திருக்கிறது என்று நானே முடிவு கட்டிக்கொண்டு, "திரும்பிவிட்டான், வீட்டில் சௌக்கியமாக இருக்கிறான்" என்றேன். அவர் என்னைக் கட்டிக்கொண்டு அழுதார். மாதாகோயில் மணியை அடிக்கச் சொன்னார். மத்தியானம் என் தட்டில் முழங்கை நீளத்துக்கு சாஸேஜ் என்கிற மாமிசக் குழல் ஒன்று வந்து உட்கார்ந்தது. சுற்றி எல்லோரும் நின்று கைதட்டினார்கள். என்கார்னா ஒரே ஓட்டமாக வந்து, "சகோதரர்கள் இரண்டு பேர்! இன்னொருத்தன் வரவில்லை!" என்று சொல்லித் தட்டைத் தூக்கிக்கொண்டு போனாள். அப்படி அம்மாவுக்கு இன்னொரு பிள்ளையும் கிடைத்தான்.

இதற்கிடையில் பேராசிரியர் ஹோல்ட்காம்ப், இந்திய மாணவி வரவில்லையே, இன்னும் சில நாள் பார்த்துவிட்டு இடத்தை வேறு ஆளுக்குக் கொடுத்துவிடலாம் என்று யோசித்துக்கொண்டிருந்தார். சந்திரமௌலி ஆஸ்பத்திரி, போலீஸ் ஸ்டேஷன் என்று அலைந்துகொண்டிருந்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் ஸ்பெயின்காரர்கள் எல்லாம் டோர்ட்மண்ட் ரயில்வே ஸ்டேஷனில் வந்து கூடுவார்கள். ஊருக்குப் போகிற ரயிலைப் பார்த்தால் அவர்களுக்கு ஒரு ஆறுதல். நானும் என்கார்னாவும் அங்கே நின்றுகொண்டிருந்தோம். காதுவரை குல்லாய் போட்ட ஒரு இளைஞர் தூண் ஓரமாக நின்று, "எங்கேதான் போய்த் தொலைஞ்சாளோ, பிராணனை வாங்கறாளே!" என்று தனக்குத் தானே பேசிக்கொண்டிருந்தார்.

தமிழ்! நான் ஓடிப்போய், "ஸார், நீங்க தமிழா? யாரைத் தேடறேள்?" என்றேன்.

"கும்பகோணத்துலேர்ந்து ஒரு பொண்ணு வரணும். கனகவல்லின்னு பேர். காணோம். அவ மாமாவுக்கு நான் என்ன பதில் சொல்றதுன்னே தெரியலை."

"நான்தான் கனகவல்லி."

அவர் என் கோட்டைப் பார்த்தார், தலையில் கட்டியிருந்த துணியைப் பார்த்தார். "நீங்களா? இத்தனை நாள் எங்கே இருந்தேள்? உங்களுக்கு கொஞ்சமாவது ரெஸ்பான்சிபிலிட்டி இருக்கா? ஊரே தேடறது!" என்று கையை ஆட்டிக் கத்தினார்.

ஓர் ஆண்பிள்ளை என் முகத்துக்கு நேரே கையை ஆட்டிக் கத்துவதை என்கார்னா பார்த்தாள். அவ்வளவுதான். கைப்பையைச் சுழற்றி அவர் தலையில் ஒரே போடு. தந்தியில் சொன்ன காயம் இதுதான்; இப்போது வீக்கம் வடிந்துவிட்டது. "ஓடு! நான் இவனைப் பிடித்துக்கொள்கிறேன், நீ ஓடு!" என்று என்னைப் பார்த்து ஸ்பானிஷில் கத்தினாள்.

அவளைப் பிடித்து உட்காரவைத்து, இவருக்குத் தண்ணீர் வாங்கிக் கொடுத்து, நான் நடுவில் உட்கார்ந்து இரண்டு பக்கமும் மொழிபெயர்த்தபோதுதான் எல்லாம் வெளியே வந்தது. உண்மையான காந்தேலா வல்லே ரயிலில் என்கார்னாவுக்கு எதிரே உட்கார்ந்து வந்தவளாம். பாரிஸில் ஒரு சமையற்காரனோடு இறங்கிப் போய்விட்டாளாம். அந்தப் பெயரைக் கூவியபோது நான் கையைத் தூக்கினதை என்கார்னா பார்த்தாள். யாரோ ஒரு பெண், வீட்டில் என்ன கொடுமையோ, கட்டின புருஷன்தான் விரட்டினானோ, வேறு வழியில்லாமல் இன்னொருத்தி பெயரில் பிழைக்க வந்திருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டாள். "அதனால் உன்னை நான் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டால் நீ பொய் சொல்ல வேண்டியிருக்குமே" என்றாள். மாமா, இதை எழுதும்போதுகூட எனக்குக் கை நிற்கிறது. எந்த ஊர், எந்த ஜாதி, எந்த சாமி என்று தெரியாத ஒருத்தியை இத்தனை நாள் தன் முதுகுக்குப் பின்னால் மறைத்து வைத்திருந்தாள்.

மறுநாள் காலை தொழிற்சாலை அதிகாரியிடம் போனோம். அவர் முகம் இறுகிவிட்டது. வேறு பெயரில் வேலை செய்தது குற்றம், போலீஸுக்குச் சொல்ல வேண்டும், என் மாணவி விசாவே போய்விடும் என்றார். சந்திரமௌலி அந்த வீங்கின தலையோடு பேராசிரியரை அழைத்துவர ஓடினார். அதற்குள் என்கார்னா கதவைத் தட்டாமல் உள்ளே வந்தாள். தெரிந்த கொஞ்ச ஜெர்மனை வைத்துக்கொண்டு பேசினாள்.

"இவள் பொய் இல்லை. நான் பொய். காந்தேலா பாரிஸ். எனக்குத் தெரியும், நான் சொல்லவில்லை. இவள் குளிர், இவள் தனி. நீ என்னை ஊருக்கு அனுப்பு. இவளைப் படிக்க விடு."

அவளை அனுப்பினால் அந்த இரண்டு குழந்தைகளுக்கு என்ன கதி என்று எனக்குத் தெரியும். அவளுக்குத் தெரியாதா? கண் கலங்காமல் நிமிர்ந்து நின்றாள். நான் ஜெர்மன், ஸ்பானிஷ், தமிழ் மூன்றிலும் "கூடாது, கூடாது" என்று சொல்லிக்கொண்டிருந்தேன். ஜன்னலுக்கு வெளியே பார்த்தால் எங்கள் வரிசைப் பெண்கள் அத்தனை பேரும் வேலையை விட்டுவிட்டு வந்து நிற்கிறார்கள்.

அந்த நேரத்தில்தான் உண்மையான பேராசிரியர் ஹோல்ட்காம்ப் வந்தார். நெட்டையான மனிதர், கையில் நனைந்த குடை. அதிகாரி சொன்னதை எல்லாம் கேட்டார். வாசலில் நின்ற மேஸ்திரி அம்மாளைப் பார்த்து, "இந்தப் பெண் எப்படி வேலை செய்தாள்?" என்றார்.

"மோசம்! உடைந்த பிஸ்கட்டைக் கூடையில் போடச் சொன்னால், ஏன் உடைந்தது என்று கையில் வைத்துப் பார்த்துக்கொண்டே நிற்கிறாள்!"

பேராசிரியர் குடையைச் சுவரில் சாய்த்தார். "ஏன் உடைந்தது என்று பார்க்கிறாளா? இவள் எனக்கு வேண்டும். ஆராய்ச்சிக்கு முன்னால் எல்லா மாணவர்களுக்கும் தொழிற்பயிற்சி கட்டாயம். இவளுக்கு அது இங்கே நடந்திருக்கிறது. நான் எழுதித் தருகிறேன்" என்றார். பிறகு அதிகாரியைப் பார்த்து, "பயிற்சிக்கு மேற்பார்வை பார்த்தது யார்?" என்று கேட்டார். நான் என்கார்னாவைக் காட்டினேன். அவர் அவளிடம் போய், தலையைக் குனிந்து, கையைக் குலுக்கினார். ஒரு பேராசிரியர் வந்து கைகுலுக்கின அம்மாளை எப்படி வேலையை விட்டு அனுப்புவது? அதிகாரி தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "எல்லோரும் வேலைக்குப் போங்கள்" என்றார். வெளியே எழுந்த சத்தம் நெய்வேலிக்கே கேட்டிருக்கும்.

ஆகவே மாமா, "முதலில் கை வேலை, அப்புறம் புத்தகம்" என்று தாங்கள் சொன்னது அப்படியே பலித்துவிட்டது. இதில் திரும்பி வருவதற்கு என்ன இருக்கிறது? சந்திரமௌலி எனக்கு ஒரு நல்ல வீட்டில் அறை பார்த்துக் கொடுத்திருக்கிறார். ஓய்வுபெற்ற பள்ளிக்கூட ஆசிரியை, பூனை இல்லை, சமையலறையில் எனக்குத் தனியாக ஒரு அடுப்பு. ஆராய்ச்சிக் கழகத்துக்கு நடந்தே போகலாம். அப்பா இல்லாத பெண்ணைக் கடல் தாண்டி அனுப்பாதே என்று எல்லோரும் தடுத்தபோது, தாங்கள் ஒருவர்தான் "அவள் போகட்டும்" என்று சொன்னீர்கள். அந்த ஒரு வார்த்தைக்காகச் சொல்கிறேன்: இனிமேல் நான் வழி தப்ப மாட்டேன். டாக்டர் பட்டம் வாங்குகிறவரையில் டோர்ட்மண்டை விட்டு ஓர் அடி நகர மாட்டேன். எந்த ரயிலிலும் ஏற மாட்டேன். தாங்கள் கவலையை விட்டு, அம்மாவுக்கும் தைரியம் சொல்லுங்கள்.

வத்சலா மாமிக்கும் அம்மாவுக்கும் என் நமஸ்காரம். சேதுவுக்கு என் ஆசீர்வாதம். இங்கே ஒரு விடுதியே அவனுக்காக ஜபம் செய்தபடியால் இந்த வருஷம் கணக்குப் பரீட்சையில் அவன் தேறாவிட்டால் மன்னிப்பே கிடையாது என்று சொல்லுங்கள். பெரியவர்கள் எல்லோருடைய ஆசியையும் வேண்டி நிற்கும்,

தங்கள் பிரியமுள்ள மருமாள்,
கனகவல்லி

பி.கு.: உறையை ஒட்டப் போகிற நேரத்தில் பேராசிரியர் கூப்பிட்டனுப்பினார். ஸ்பெயினில் வலென்சியா பக்கம் ஒரு நெல் ஆராய்ச்சி நிலையத்திலிருந்து ஓர் ஆளை ஆறு மாதத்துக்கு அனுப்பும்படி கேட்டிருக்கிறார்களாம். அரிசி மாவுச்சத்தும் தெரிந்து ஸ்பானிஷும் தெரிந்த ஆள் இந்த ஊரிலேயே வேறு யாரும் இல்லையாம். போகிறாயா என்று கேட்டார். நான் யோசிப்பதற்கு முன்பே என் வாய் ஸ்பானிஷில் "ஆமாம்" என்று சொல்லிவிட்டது. பொங்கலுக்குள் புறப்பட வேண்டும். இத்தனை பக்கத்தையும் திரும்ப எழுத நேரமில்லை. டோர்ட்மண்டை விட்டு நகர மாட்டேன், ரயில் ஏற மாட்டேன் என்று எழுதியிருக்கிற வரிகளைத் தாங்களே அடித்துவிடவும். அந்த ஊரில் மூன்று வேளையும் அரிசிச் சோறு கிடைக்கிறதாம். அம்மாவிடம் அதை முதலில் சொல்லுங்கள். அது எந்த நாடு என்று அவள் கேட்கும்போது சொல்லிக்கொள்ளலாம்.